ஐஸில் மூழ்கிய ஆறாவது டியூப்

ஐஸ் வாளிக்குள் கையை விட்டால் விரல் நுனி முதலில் சுரீரென்று வலிக்கும், பிறகு மரத்துப் போகும்... அந்தக் குளிரும் ஸ்பிரிட் வாசனையும்தான் மலேசியாவின் ஜொகூர் பாருவில் எனக்குக் கிடைத்த முதல் வேலை.

நான் பாலோ என்ற சிற்றூரிலிருந்து வந்தவள். ஆய்வுக்கூடத்தில் பக்கத்து மேசை நசீமாவுடையது. குளுவாங்கில் அவள் அத்தா சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார்.

நம் உடம்பில் டி-செல் என்று ஒன்று இருக்கிறது. கிருமியை அடையாளம் காண அதன் மேல்பரப்பில் ஓர் ஏற்பி உண்டு. ஆறு வகைப் புரதங்கள் செல்லுக்குள்ளேயே ஒன்றுகூடினால்தான் அது முழுதாகும். ஒன்று குறைந்தாலும் செல் வெளியே விடாது. உள்ளேயே நிறுத்திவைத்து, கடைசியில் உடைத்துப் போட்டுவிடும். அத்தனை கறார்!

ஏற்பியே இல்லாத செல்லுக்குள் அந்த ஆறுக்கும் உரிய டிஎன்ஏவைச் செலுத்தி, ஏற்பி மேலே வருகிறதா என்று பார்ப்பது நசீமாவின் வேலை. இரண்டு முறை செல்களே பிழைக்கவில்லை. மூன்றாவது முறையும் வராவிட்டால் நிறுத்திவிடலாம் என்று ஆய்வுக்கூடத் தலைவரான எங்கள் டாக்டர் சொல்லிவிட்டார். நிறுத்தினால் அவள் கான்ட்ராக்டும் அதோடு முடிந்தது.

மூன்றாவது முறை செய்த அன்று அவள் செல்களைத் தயார் செய்தாள். ஒரு டியூப்புக்கு ஒரு டிஎன்ஏ என்று ஐஸ் வாளியில் இருந்த ஆறிலிருந்தும் எடுத்துக் கலப்பது என் வேலை.

சாயங்காலம் நாங்கள் தங்கியிருந்த கூலாய்க்கு வேனில் திரும்புவோம். "எட்டுப் பேரும் ஏறுனாதான் வண்டி நகரும் லா" என்பார் வேன் ஓட்டும் மணியம் அண்ணன். பிந்தினால் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஏற வேண்டும். அந்தக் கூச்சத்தில் அவசரமாகக் கலந்து முடித்து ஓடினேன்.

இரண்டு நாள் கழித்து, ஏற்பியில் ஒட்டி ஒளிரும் சாயம் சேர்த்து மெஷினில் பார்த்தால், செல்லின் மேல்பரப்பில் எதுவும் ஒளிரவில்லை.

"ஒண்ணுமே இல்லையா?" என்றேன்.

"இல்ல லா..."

நசீமா அன்று மதியம் சாப்பிடவில்லை.

எதற்கோ ஃப்ரீசரைத் திறந்தபோதுதான் கண்ணில் பட்டது. ஐந்து டியூப்கள் பாதி காலி. டெல்டா என்று எழுதிய ஆறாவது டியூப் மட்டும் நிறைய இருந்தது. அன்று வாளியைக் கவிழ்க்கும்போது அடியில், கரைந்த ஐஸில் மூழ்கிக் கிடந்ததை எடுத்து, யோசிக்காமல் பெட்டியில் வைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

உண்மையைச் சொல்கிறேன்... மூடி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம், பயம் வேறு. ஆனாலும் நசீமாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

"அலமாக்!" என்றாள். தலையில் கையை வைத்துக்கொண்டாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்போ மத்த அஞ்சும் உள்ளதானே இருக்கணும்? வெளிய வரல, அவ்வளவுதான். செல்லைத் தொறந்து பாப்போம் வா."

சவ்வில் துளை விழ வைத்து, உள்ளே சாயம் செலுத்தி, மறுபடியும் மெஷினில் வைத்தோம். உள்ளே பளிச்சென்று இருந்தது! செய்த புரதமெல்லாம், மணியம் அண்ணன் வேனில் நாங்கள் உட்கார்ந்திருப்பதைப் போல, வராத ஒன்றுக்காகக் காத்துக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை மீட்டிங். நான்தான் தப்பு செய்தேன் என்று சொல்ல எழுந்தேன். வாயைத் திறப்பதற்குள் நசீமாவும் பக்கத்தில் எழுந்து நின்றாள்.

"ஒரு டியூப் விட்டுப்போச்சு டாக்டர். ரெண்டு பேருமே கவனிக்கல. இன்னொரு தடவ செஞ்சி பாக்கறோம்."

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வாரம் கொடுத்தார். ஆறும் சேர்ந்தபோது ஏற்பி மேலே வந்தது. நசீமா என் முதுகில் அறைந்த அறை இன்னும் வலிக்கிறது.

இப்போது அவள் எங்கோ தூர நாட்டில், அதே ஏற்பியைத்தான் ஆராய்கிறாள். எனக்குச் சொந்தக் கார் இருக்கிறது, நான் பிந்தினால் காத்திருக்க யாருமில்லை. வேலையிடத்தில் ஒவ்வொரு டியூப்பையும் ஸ்கேன் செய்கிறோம். எது விட்டுப்போனது, யார் விட்டது என்று திரையில் உடனே சிவப்பாகப் பெயர் வந்துவிடும். நல்லதுதான், தப்பு குறைந்திருக்கிறது.

ஆனாலும் போன வாரம் அப்படி ஒருநாள் என் பெயர் சிவந்தபோது, என்னை அறியாமல் பக்கத்து மேசையைத் திரும்பிப் பார்த்தேன்...