விளையாட்டுப் பெட்டியும் தென்னேரிச் சம்பந்தமும்

ஒரு வீடியோ கேம் வாங்கலாமா வேண்டாமா என்று நான் மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். அதே காலத்தில் என் வீட்டார் எனக்கு ஒரு மாப்பிள்ளையை ஏறக்குறைய முடிவு செய்துவிட்டிருந்தார்கள். இரண்டில் என் கருத்து கேட்கப்பட்டது வீடியோ கேம் விஷயத்தில் மட்டும்தான். அதையும் நானே என்னிடம் கேட்டுக்கொண்டேன்.

பெட்டி உள்ளங்கை அளவு. முன்னொரு காலத்தில் வந்த கையடக்க விளையாட்டுப் பெட்டியின் தோற்றத்தை அப்படியே வைத்து இப்போது புதிதாகச் செய்து விற்கிறார்கள். சாம்பல் நிற உடல், இடப்பக்கம் கூட்டல் குறி போன்ற பொத்தான், வலப்பக்கம் வட்டப் பொத்தான்கள், மேலே தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய திரை. ‘உங்கள் குழந்தைப் பருவத்தைத் திரும்பப் பெறுங்கள்’ என்றது விளம்பரம். அந்தக் குழந்தைப் பருவம் என்னுடையது அன்று. அசல் பெட்டிகள் கடைகளுக்கு வந்து மறைந்த பிறகுதான் நான் பிறந்தேன். நான் பிறந்த ஊருக்கோ, உத்திரமேரூரிலிருந்து மினி பஸ் போகும் கிராமம் அது, அவை வந்து சேரவே இல்லை. வேறு யாருடைய இளமைக்கோ நான் விலை விசாரித்துக்கொண்டிருந்தேன். இலக்கியம் படிப்பவர்களுக்கு இது பழக்கப்பட்ட காரியம்தான்.

வேண்டும் என்பதற்குக் காரணம் இருந்தது. கல்லூரி காஞ்சிபுரத்தில். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் தோழி ஒருநாள் தன் அண்ணனின் பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். திரையில் ஒரு சிறிய ஆள் ஓடினான், குழியில் விழுந்து செத்தான், உடனே எழுந்து மறுபடி ஓடினான். அவன் ஏன் ஓடுகிறான் என்பதை இருநூறு சொற்களுக்கு மிகாமல் விளக்கும்படி யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. புத்தகமும் எனக்கு அப்படித்தான் இருந்தது, அதையே பாடமாக எடுத்துக்கொள்ளும் வரை. இப்போது பென்சில் இல்லாமல் ஒரு நாவலைத் திறந்தால் ஏதோ தப்புச் செய்வதுபோல் இருக்கிறது. அடிக்கோடிட முடியாத ஒன்று எனக்கு வேண்டியிருந்தது.

வேண்டாம் என்பதற்கும் காரணம் இருந்தது. பெட்டியோடு வரும் சிறிய கார்டில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் அடைத்திருக்கும். அவற்றை உருவாக்கியவர்களுக்கு அதில் ஒன்றும் போய்ச் சேராது. திருட்டுப் பொருளை வாங்கக் கூடாது என்று ஒரு மாலை முழுவதும் உறுதியாக இருந்தேன். பிறகு தற்செயலாக என் அலமாரியைப் பார்த்தேன். முதுகலைப் பாடநூல்களில் முக்கால்வாசி, கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டு வாங்கியவை. அறத்தைப் பற்றிய பாடநூலும் அவற்றில் ஒன்று.

மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். படிப்பு முடிய இன்னும் ஒரு பருவம் இருந்தது. அதை முடிக்க வேண்டும், அதன் பிறகு ஆய்வுக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. கல்யாணம் முடிவானால், “அங்க போயி படிச்சிக்கலாம்” என்பார்கள். அப்படிச் சொல்லி அனுப்பப்பட்ட எங்கள் ஊர்ப் பெண்களில், போன இடத்தில் புத்தகத்தைத் திறந்த ஒருவரையும் நான் அறியேன். ஆனால் இதை வீட்டில் நான் சொல்லியிருக்கவில்லை. எனக்குப் பேச்சு குறைவு. எங்கள் வீட்டிலோ பெண் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று பொருள்.

சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் அத்தை, அப்பாவின் அக்கா. வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்டவர். பையன் தென்னேரி, ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அங்கே என்னை எப்படி எடுத்துச் சொன்னார் என்பதை அத்தை எங்களுக்கு நடித்தே காட்டினார்.

“பொண்ணு வாயத் தொறக்காது, வூட்ல கீதா இல்லியான்னே தெரியாது, புஸ்தகமும் கையுமா குந்திக்கினு இருக்கும்னு சொன்னேன். பையனோட அம்மாவுக்கு அப்பவே புடிச்சிப் போச்சி.”

அப்பா கேட்டது ஒன்றுதான். “ஏரித் தண்ணி அவங்க நெலத்துக்குப் பாயுதா?”

“மதகுக்குக் கிட்டவே கீது நெலம்.”

அப்பாவுக்குத் திருப்தி. பெட்டியின் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், பொத்தான் எத்தனை வருஷத்தில் தேயும், திரை வெயிலில் தெரியுமா என்றெல்லாம் நான் அதற்குள் விரிவாக ஆராய்ந்து முடித்திருந்தேன். பையனைப் பற்றிய ஆராய்ச்சி மதகோடு நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனின் அம்மாவும் அண்ணியும் வந்தார்கள். முறைப்படி பெண் பார்ப்பது அல்ல. “சும்மா இந்தப் பக்கம் வந்தோம்” என்ற வகை. தென்னேரியிலிருந்து எங்கள் ஊருக்குச் சும்மா வர இரண்டு இடத்தில் பஸ் மாற வேண்டும். அம்மா காலையிலேயே எனக்குச் சொல்லிவைத்திருந்தார்: “கேட்டதுக்குப் பதில் சொல்லு, போதும்.” அந்த அறிவுரையைத்தான் நான் பிசகாமல் கடைப்பிடித்தேன்.

“லீவு நாள்ல பொழுது எப்டிமா போவுது?” என்று பையனின் அம்மா கேட்டார்.

புத்தகம் என்றிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அவர் கேட்டது லீவு நாளைப் பற்றி. புத்தகம் எனக்கு வேலை. தவறான விடை எழுத எனக்குக் கை வராது.

“ஒரு வீடியோ கேம் வாங்கலாமான்னு பாத்துக்கினு இருக்கேங்க.”

“யாருக்கு?”

“எனக்குத்தாங்க.”

அண்ணி சிரித்துவிட்டார். “செல்லுல இல்லாத கேமா?”

நியாயமான கேள்வி. மூன்று மாதமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருந்த கேள்வியும்கூட. செல்போனில் நம் விரலே திரையை மறைத்துவிடும், நடுவில் விளம்பரம் வரும் என்று தொடங்கினேன். நிஜப் பொத்தானை அழுத்தும்போது விரலுக்கு ஒரு பதில் கிடைக்கும் என்றேன். திரை வகைகளுக்குப் போனேன். அங்கிருந்து பதிப்புரிமைக்கும், பதிப்புரிமையிலிருந்து ஜெராக்ஸ் கடைக்கும் போய், அறத்தில் நான் எங்கே தடுமாறுகிறேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அம்மா சமையலறை வாசலில் தட்டோடு நின்றவர் நின்றபடியே இருந்தார்.

“சரி, அப்ப வாங்கப் போறியா இல்லியா?” என்றார் பையனின் அம்மா. அவருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவல் வந்துவிட்டிருந்தது.

“இன்னும் முடிவு பண்ணலைங்க.”

மறுநாள் அத்தை போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

“பொண்ணுக்குக் கொஞ்சம் பேச்சு ஜாஸ்தின்னு சொல்ட்டாங்க.”

அம்மா போனையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். ஒன்றாம் வகுப்பு முதல் என்மேல் வந்திருக்கும் ஒரே புகார், வாயைத் திறப்பதில்லை என்பது.

“வேணும்னே பேசினியாடி?”

“இல்லம்மா.”

அது உண்மை. அன்று மதியம் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன் என்பதும் உண்மை.

அத்தை சளைப்பவர் அல்லர். அடுத்த வாரமே நேரில் வந்தார். கைப்பையில் இன்னொரு ஜாதகம் இருந்தது; இம்முறை ஐயங்கார்குளம். அதை வெளியே எடுத்து வைப்பதற்கு முன் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“இந்த வாட்டி அந்த மிஷினு பேச்சே வரக் கூடாது. அதுக்குத்தான ஏங்கிக்கினு கீற? நானே வாங்கித் தரேன். புடிக்கலன்னா திருப்பிக்கூட அனுப்பலாமாமே, எம் மருமவ சொன்னா. வரவங்க முன்னாடி நீ வாயத் தொறக்காம குந்து, அது போதும்.”

திருப்பி அனுப்பும் வசதியைப் பற்றி அத்தை சொன்னது பெட்டியைக் குறித்து மட்டும்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சொன்னால் வாங்கித் தருவார். என்மேல் பாசம் உள்ளவர், நான் நல்ல தண்ணீர் வசதியோடு வாழ வேண்டும் என்று நினைப்பவர். நிபந்தனையும் கடினமானதல்ல. இத்தனை வருஷம் இலவசமாகச் செய்துவந்த ஒன்றைத்தான் இன்னும் ஒருமுறை செய்யச் சொன்னார். இப்போது அதற்கு ஒரு விலை கொடுக்கவும் முன்வந்திருந்தார். அந்த விலை, நான் மூன்று மாதமாக ஆசைப்பட்ட பொருள். மறுப்பதற்கு மூன்று மாதம் ஆகும் என்றுதான் நான் என்னைப் பற்றிக் கணித்திருப்பேன்.

“வேணாம் அத்தே,” என்றேன். “படிப்பு முடியற வரைக்கும் யாரையும் கூட்டிக்கினு வராதீங்க. முடிச்சிட்டு மேல படிக்கப் போறேன்.”

அத்தை என்னோடு பேசுவதை விட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினார். “இன்னாடா தம்பி, உம் பொண்ணு இப்டி பேசிக்கினு கீது?”

அப்பா மோட்டாருக்கு வாங்கிவந்த ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றுவதை நிறுத்தவில்லை.

“தென்னேரிக்காரங்கதான் சொல்ட்டாங்களே, பேச்சு ஜாஸ்தின்னு. இப்ப அனுப்பினா ஐயங்கார்குளத்துலயும் அதத்தான் சொல்லுவாங்க. படிச்சி முடிக்கட்டும், வுடுக்கா.”

அத்தை ஜாதகத்தை வெளியே எடுக்கவே இல்லை. கோபம்தான், காபியைப் பாதியில் வைத்தார். ஆனாலும் செருப்பு மாட்டும்போது படிப்பு எந்த மாசம் முடியும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அவர் போனதும் அம்மா டம்ளர்களை எடுத்தார். “அப்ப அந்த மிஷினு?”

“அது இன்னும் யோசிக்கணும்மா.”

“ஒரு சம்பந்தத்த நிமிசத்துல வேணாம்னுட்ட. அதுக்கு மட்டும் இன்னாடி அவ்ளோ யோசன?”

“படிக்கணும்றது எனக்கு எப்பவோ தெரியும்மா. இது தெரியல.”

“தெரியும்னா வாயத் தொறந்து சொல்றதுதான? நானு இன்னா ஜோசியமா பாக்கறேன்?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பேச்சு ஜாஸ்தி என்று பெயர் வாங்கியவளுக்கு அது சங்கடமாகத்தான் இருந்தது.