அக்கா வாங்காத வாடகை

ஆர்லோ ஸ்கோக்ஸ்டாட்டுக்குப் பொய் சொல்ல வராது. அதனாலேயே அவருக்கு வரிக் கணக்கு எழுதுவது எனக்குத் தலைவலி. எங்கள் மின்னசோட்டா ஊரில் சாலைப் பனியை ஒதுக்கும் வண்டி ஓட்டுகிறார். மார்ச் மாதம் லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நான் காசு வாங்காமல் ஊராருக்கு வரிக் கணக்கு எழுதித் தருவேன். ஆர்லோ முதல் ஆளாக வந்து, "நீங்க போங்க, நீங்க போங்க" என்று எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டு, கடைசி ஆளாக என் முன்னே உட்காருவார்.

மகள் சிக்னி பிறந்ததிலிருந்தே அவள் படிப்புக்காகச் சேமிப்புத் திட்டத்தில் பணம் போட்டு வந்தவர். போன வருஷம் அவள் கல்லூரியில் சேர்ந்ததும், அவள் தங்கவும் சாப்பிடவும் என்று ஆறாயிரம் டாலர் எடுத்திருந்தார். அந்தச் செலவுக்கே போயிருந்தால் வரி கிடையாது. ரசீது கேட்டேன். கோட்டுப் பையிலிருந்து ஒரு கட்டு காசோலையை எடுத்து வைத்தார். காளான் சூப் வாசனை குப்பென்று அடித்தது; கறி, உருளைக்கிழங்கு மேல் அந்த சூப்பை ஊற்றி வேகவைக்கிற எங்கள் ஊர் ஹாட்டிஷின் வாசனை.

"ஆர்லோ, இது நீங்க எழுதின செக்கு. உங்ககிட்டயே எப்படி இருக்கு?"

"சிக்னி எங்க அக்கா வீட்லதான தங்கியிருக்கா. மாசாமாசம் அக்காகிட்ட நீட்டுவேன். வேணாம்னு சொல்லுவா. மூணு தரம் வேணாங்கறது மரியாதைதான? நாலாவது தரம் கேக்காம சக்கரை டப்பாவுக்குள்ள வெச்சிட்டு வந்திருவேன்."

"அப்புறம்?"

"கெளம்பறப்ப ஹாட்டிஷ் செஞ்சு குடுத்தனுப்புவா. வீட்டுக்கு வந்து மூடியத் தெறந்தா உள்ள செக்கு இருக்கும். நான் மட்டும் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் குடுக்கலாமா? அடுத்த மாச செக்க அதுல வெச்சுக் குடுப்பேன்."

எனக்கு எரிச்சலாக வந்தது. "பாங்குக்கே போகாத செக்கு செலவுல சேராது. எடுத்த பணத்துல லாபமா வளர்ந்த பங்குக்கு வரி, அதுக்கு மேல பத்து சதவீதம் அபராதம். நானூறு டாலருக்கு மேல வரும். இப்பக் குடுத்தாலும் போன வருஷக் கணக்குல ஏறாது."

அவர் நானூறு டாலரைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "அப்ப என் பொண்ணுக்கு நான் சோறு போடலேன்னு ஆவுது" என்றார். முகம் வாடிவிட்டது. மனைவி விட்டுப் போன நாளிலிருந்து, சிக்னிக்குத் தலை வாரியதிலிருந்து பல்லுக்குக் கம்பி போட்டது வரை எல்லாம் வெர்னா அக்காதான். இது ஒன்றையாவது தன் கையால் செய்ய வேண்டும் என்றுதான் மனிதர் அத்தனை வருஷம் சேமித்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

பக்கத்துச் சமையலறையில் காபி போட்டுக்கொண்டிருந்த வெர்னா, கையைத் துடைத்தபடி வந்தார். தேவாலயத்தின் பொருளாளரே அவர்தான்.

"டிசம்பர்லயே பணம் வாங்கிட்டேன்னு எழுதிக் குடுத்துடறேன். அவன் எதுக்கு அபராதம் கட்டணும்?"

காணிக்கையில் ஒரு சென்ட் இடித்தால்கூட ராத்தூக்கம் போய்விடுகிற பெண்மணி. பொய் சொல்லத் தயார், பணம் வாங்க மட்டும் தயாரில்லை.

"பொய்யெல்லாம் வேணாங்கா" என்றார் ஆர்லோ. "அபராதத்தக் கட்டிக்கறேன். ஆனா எல்லாத்தையும் நீயே குடுத்துட்டா, அப்பான்னு நான் எதுக்கு இருக்கேன்?"

வெர்னா கையிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கடைசியில், "சரி, இந்த மாசத்துலேருந்து குடு" என்றார்.

"வாங்கினா உங்க கணக்குல வாடகை வருமானம்னு காட்டணும்" என்றேன். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"காட்டிக்கறேன். நீ உன் வேலையப் பாரு."

ஆர்லோ கையெழுத்துப் போட்டு, அபராதத்துக்கும் சேர்த்துக் காசோலை எழுதினார். அரசாங்கம் ஒரு தரம்கூட வேணாம் என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம் என் வீட்டு வாசலில் ஒரு ஹாட்டிஷ் இருந்தது. மூடியைத் திறந்தால், ஆர்லோவின் காசோலையை வெர்னா வங்கியில் போட்ட சீட்டின் நகல், ஓரமெல்லாம் சூப். பின்பக்கம் அவர் கையெழுத்தில் இரண்டு வரி:

"அடுத்த வருஷக் கணக்குக்கு வெச்சுக்கோ. அவன் பொண்ணுக்கு அவன் போட்ட சோறு."