போரை நிறுத்தினேன், தண்ணீரைத் தவறவிட்டேன்

மகாஜனங்களே, இன்று காலை ஆறு மணிக்கு, பெருமாள்புரத்தில் எங்கள் தெருமுனையில் நின்றபடியே வளைகுடாச் சண்டையை முடித்துவைத்தேன். இரண்டு நாடுகளுக்கு மன்னிப்பு, ஒன்றுக்குக் கடும் எச்சரிக்கை.

எதிர்வீட்டு ஆறுமுகம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"கப்பலையெல்லாம் யாரு வே திருப்புவா?"

"நான் சொல்லுதேன், திருப்புவான் வே!" என்று முழங்கினேன். பொதிகை மலை ஓரடி பின்வாங்கியது.

அந்த முழக்கத்தில்தான் குழாய் சீறியது எங்கள் இருவருக்கும் கேட்கவில்லை. நாலு நாளைக்கு ஒருமுறை, அரைமணி நேரம் வரும் தண்ணீர். முதலில் சத்தம் கேட்பவர் தெருவையே கூப்பிடுவது எங்கள் வழக்கம். நாங்கள் ஓடிப்போய்த் திறந்தபோது காற்றுதான் வந்தது.

என் மனைவி ஒன்றே ஒன்று சொன்னாள்: "குளிக்க அந்தக் கப்பலுக்கே போங்க."

பக்கத்து வீட்டு பாத்திமா இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். காயல்பட்டினத்துப் பெண், கணவருக்கு வளைகுடாவில் வேலை.

"மூணு தடவ கூப்பிட்டேன் அண்ணாச்சி. நீங்க சண்டைய நிறுத்திக்கிட்டு இருந்தீய."

பிறகு மெதுவாகக் கேட்டாள்: "எந்தத் தேதில நிக்கும் அண்ணாச்சி? அவுக ஊருக்கு வர எடுத்த டிக்கெட் ரெண்டு தடவ ரத்தாயிட்டு. மறுபடி எடுக்கணும்."

அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. உலகத்தையே ஆண்ட நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

தேதி தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், அவளிடம் சொல்லிவிடுகிறேன். மற்ற கருத்துகளை அடுத்த தண்ணீர் வந்த பிறகு வைத்துக்கொள்வோம்.