ஊர்க் குளத்துல நான் கவுத்த டிரம்

கோழிக் குடல் வேகுற வாசம் உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? எங்க வீட்டுக்குப் பின்னால ஒரு காலத்துல தினமும் அதுதான்... கறிக்கடையில தூக்கிப் போடுற குடலை வாளியில வாங்கிட்டு வந்து, அண்டாவுல வேகவச்சு, ஆறவச்சு மீனுக்குப் போடுவேன். சட்டையெல்லாம் நாறும். பஸ்ஸுல என் பக்கத்து சீட்டு எப்பவும் காலிதான்.

கல்ஃபுல இருந்து திரும்பி வந்த புதுசு. மயிலாடி பக்கம்தான் எங்க ஊர். சிமெண்ட் தொட்டி கட்டி ஆப்பிரிக்கன் கெளுத்தி வளர்த்தேன். முரட்டு மீன். எதைப் போட்டாலும் தின்னும், சேத்துல கிடந்தாலும் சாகாது. நான் தொட்டிப் பக்கம் போனா மொத்தமா மேல வந்து வாயைப் பிளக்கும். அதைப் பார்க்க அவ்வளவு பெருமை எனக்கு.

ஒருநாள் மீன்வளத்துறை ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேர் வந்தாங்க. இந்த மீனுக்குத் தடை இருக்கு, குழி தோண்டிப் புதைச்சிருங்கன்னு மரியாதையாத்தான் சொன்னாங்க. குளத்துக்குள்ள மட்டும் போயிரக் கூடாதுன்னு ரெண்டு தடவை சொன்னாங்க. நானும் தலையை ஆட்டினேன்.

குழியும் தோண்டினேன். ஆனா அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. நாங்க அய்யாவழிக்காரங்க. மத்த நாள் மீன் இல்லாம எங்க வீட்டுல சோறு இறங்காது. ஞாயித்துக்கிழமை மட்டும், எங்க கும்பிடுற இடமான தாங்கலுக்குப் போறதால, அம்மா மீன்சட்டியையே தொடமாட்டா. குழியைப் பார்த்ததும் அப்படியே நின்னுட்டா.

"மக்கா, இண்ணைக்குப் போயி இத்தன உயிர மண்ணள்ளிப் போட்டு மூடப் போறியா? கண்ண முழிச்சிட்டுல்லா கெடக்கு..."

எனக்கும் மனசு வரல. டிரம்முல அள்ளி மொபட்டுல கட்டி, மூணு நடையா கொண்டு போய் ஊர்க் குளத்துல கவுத்தேன். வாலால ஒரு வெட்டு வெட்டிட்டு உள்ள போச்சு. பிழைச்சுப் போங்கன்னு சொன்னேன். திரும்பி வரும்போது புண்ணியம் செஞ்ச சந்தோஷம்... சத்தியமா.

அந்தக் குளம் அப்போ எப்படி இருந்துச்சுன்னு சொல்லணும்.

வெயிலைப் பிடிச்சு வாழுறது பாசியும் தாமரையும். பாசியைப் பூச்சியும் தவளைக்குஞ்சும் தின்னும். அதையெல்லாம் கெண்டை தின்னும். கெண்டையை விரால் தின்னும். விராலுக்கு நீர்க்காகம் காத்துக் கிடக்கும், அப்புறம் எங்க ஊர் மீன்காரர் செல்லத்துரை அண்ணன். வீச்சுவலையும் ஓலைப்பெட்டியுமா, அவர் குடும்பமே அந்தக் குளத்துலதான் சாப்பிட்டுச்சு.

ஒவ்வொண்ணும் தின்னதுல பெரும்பகுதியை ஓடி ஆடியே செலவழிச்சிரும். மிச்சம் கொஞ்சம்தான் அடுத்த வாய்க்குப் போகும். அதனாலதான் பாசி குளம் முழுக்க, கெண்டை கூட்டம் கூட்டமா, விரால் மட்டும் அங்க ஒண்ணு இங்க ஒண்ணு. இதைப் பரீட்சையில படம் போட்டு எழுதி ஃபுல் மார்க் வாங்கினவன் நான்.

நான் விட்ட மீனுக்கு வரிசையும் கிடையாது, முறையும் கிடையாது. முட்டை, குஞ்சு, தவளை, நத்தை, கெண்டை... எல்லாம் ஒரே வாய்க்குள்ள.

அடுத்த வருஷம் அண்ணன் பெட்டி நிறைய அந்த மீன்தான். ஊரே சந்தோஷப்பட்டுச்சு. அதுக்கடுத்து கெண்டை இல்ல. பிறகு விரால் இல்ல. கொக்கு வந்து கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டுப் போயிரும். கொசுப்புழுவைத் தின்ன சின்ன மீன் இல்லாம, சாயங்காலமானா வாசல்ல உட்கார முடியல. கடைசில தின்ன எதுவும் இல்லாம நான் விட்ட மீன் தன் குஞ்சையே தின்ன ஆரம்பிச்சது. இப்போ வலையில வர்றதுக்கு தலை மட்டும் பெருசு, உடம்பு வத்திப் போய்க் கிடக்கு.

எந்தப் பாவி கொண்டு விட்டானோன்னு டீக்கடையில பேசுவாங்க. நானும் கூட உட்கார்ந்து ஆமான்னு சொல்லியிருக்கேன். வெட்கமா இருக்கு.

முந்திரி ஃபேக்டரியில வாட்ச்மேன் வேலைக்குப் போறதா அண்ணன் போன மாசம் சொன்னார். அதுக்கு மேல என்னால தாங்க முடியல. குளத்தங்கரையில வச்சு எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

அவர் வலையை மடக்கிக்கிட்டே இருந்தார்.

"எனக்குத் தெரியும் மக்கா. அண்ணைக்கு தண்ணி வழியுற மறுகால் பக்கம் பல்லு தேச்சிட்டு நிண்ணேன். நீ டிரம்ம கவுத்தத பாத்தேன்."

"பொறவு ஏண்ணே ஒண்ணும் சொல்லல?"

"கொழுத்த மீனுல்லா. பெருகட்டு, நமக்குத்தான ஆவும்னு நெனச்சேன். அண்ணைக்கே வலயப் போட்டிருந்தா பாதி மீனையாவது புடிச்சிருக்கலாம்... போடல. ஆச."

மடக்கின வலையைத் தோள்ல போட்டுட்டு அண்ணன் கிளம்பிட்டார். அவர் என்னை ரெண்டு அடி அடிச்சிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்.

இப்போ சாயங்காலம் டெம்போக்காரன் தேங்காய்ப்பட்டணத்துக் கடல் மீனை ஐஸ் போட்டுக் கொண்டு வர்றான். டியூட்டி முடிஞ்சு காக்கிச் சட்டையோட அண்ணன் நிக்கிறார். அவருக்குப் பின்னால நான்.

முன்னாடியெல்லாம் குளத்துல இறங்கி நின்னா கெண்டைக்குஞ்சு கூட்டமா வந்து கால்விரலைக் கொத்தும்... கூச்சத்துல ஒரு இடத்துல நிக்க முடியாது.

நேத்து ரொம்ப நேரம் இறங்கி நின்னு பார்த்தேன். ஒண்ணும் வரல.