புளி போட்டு விளக்கிய காசு

என் நாணயப் பெட்டியில் மற்றக் காசுகளெல்லாம் கறுத்துக் கிடக்க, ஒன்று மட்டும் வெள்ளிக்கிழமை விளக்கிய செம்பைப் போலப் பளபளக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் சகலையின் நினைவு வருகிறது. கூடவே என் மேல் எனக்கே வெறுப்பும் வருகிறது.

சகலை என் மனைவியின் தங்கை கணவர். பதுளையில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். நான் தெமோதரையில் தேயிலைத் தோட்டப் பாடசாலை வாத்தியாராக இருந்தவன். வாலிபத்திலிருந்தே காசு சேர்க்கிறேன். அமெரிக்காவின் ஆரம்பகாலத்து ஒத்திகைக் காசு ஒன்றையாவது தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பது என் தீராத ஆசை. வெள்ளியில் அடிப்பதற்கு முன், அச்சு சரியாக விழுகிறதா என்று செம்பில் ஒன்றிரண்டு அடித்துப் பார்ப்பார்கள். அவை புழக்கத்துக்கு வராதவை. நான் புத்தகங்களில் படம் பார்த்ததோடு சரி.

போன வருடம் பசறைப் பக்கம் ஒரு துரை பங்களாவின் பழைய சாமான்களைச் சகலை மொத்தமாக வாங்கினார். பித்தளைக்காக வாங்கியவருக்கு ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அப்படியோர் ஒத்திகைக் காசு கிடைத்தது; என்னிடம் காட்டக் கொண்டுவந்தார். கூந்தல் பறக்கும் பெண்முகம், ஆழ்ந்த பழுப்பு நிறம். போலியாக இருக்கக் கூடாதா என்று லென்ஸை வைத்து வைத்துப் பார்த்தேன். அசல்தான். வயிறு எரிந்தது. கடவுள் மொட்டைத் தலையனாகப் பார்த்துத்தான் சீப்பைக் கொடுப்பார் போலும்.

“கறுத்துக் கெடக்கேண்ணே. புளி போட்டு வெளக்கிரவா?” என்று கேட்டார் சகலை. மங்கிய செம்பைக் கண்டால் பாத்திரக்கடைக்காரருக்குக் கை சும்மா இருக்காது. ஆனால் பழைய காசை விளக்கினால் அதன் மேல்தோலே போய்விடும்; அப்புறம் விஷயம் தெரிந்த எவனும் அதை மதிக்கமாட்டான். ‘வேண்டாம்’ என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது.

“ஒங்க காசு தம்பி. ஒங்க இஷ்டம்” என்றேன். சொன்னதும் மனம் குளிர்ந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

அடுத்த வாரம் பாடசாலையில் எனக்குப் பிரியாவிடை. சகலை மேடையேறி, வெற்றிலைத் தட்டில் எதையோ வைத்து நீட்டினார். அந்தக் காசு தகதகவென்று மின்னியது.

“அன்னிக்கு நீங்க அதக் கையில வச்சிருந்ததப் பாத்தப்பவே ஒங்களுக்குத்தான்னு முடிவு பண்ணிட்டேண்ணே. குடுக்கிற பொருள அழுக்கா குடுக்கலாமா? ரெண்டு நாளா நானே ஒக்காந்து வெளக்கினேன்.”

எல்லோரும் கைதட்டினார்கள். என் கண் கலங்கியதைச் சந்தோஷம் என்று சகலை நினைத்துக்கொண்டார்.

இப்போது அதன் ஓரம் லேசாக மங்கத் தொடங்கியிருக்கிறது. அந்தப் பழைய பழுப்பு இனி என் ஆயுளுக்கும் வராது. சென்ற வாரம் வீட்டுக்கு வந்த சகலை பெட்டியை எட்டிப் பார்த்தார்.

“மங்குதேண்ணே. கொண்டு போய் ஒருக்கா வெளக்கிக் கொண்டாரவா?”

“வேணாம் தம்பி” என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல்.