மக்டா அன்ரியின் பெயருக்கு நான்

மக்டா அன்ரி போய்விட்டார். காலையில் அவருடைய மகன் ஃபோன் பண்ணினார்... நித்திரையிலேயே போய்விட்டாராம்.

நாளைக்கு எனக்கு ஸ்கேன் ரிசல்ட். கூட வருகிறேன் என்று சொல்லியிருந்தார். ஃபோனை வைத்ததிலிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், அழுகையா பயமா என்று எனக்கே தெரியவில்லை.

தெரியாதவர்களுக்கு: இங்கே வெளிநாட்டில், டண்டினொங் கிளினிக்கில் எனக்குப் பழக்கமான ஹங்கேரிக்காரி. தொண்ணூறு தாண்டியும் லிப்ஸ்டிக் இல்லாமல் வெளிக்கிட மாட்டார்.

பழக்கம் வந்த விதத்தைக் கேளுங்கள். நர்ஸ் "மக்டா" என்று கூப்பிடுகிறார், அவர் அசையவில்லை. என் பெயரை உடைத்து "ஷிவா... கோரி" என்கிறார், நானும் அசையவில்லை. இரண்டு பேருக்கும் முறை போய்விட்டது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "எந்தக் காம்ப்?" என்றார். (அவருடைய இங்கிலீஷ் எனக்குத் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.)

வன்னியில், முள்ளுக்கம்பிக்குள் என்றேன். "அதுக்குள்ள எந்தப் பகுதி?" எங்கட சனத்தைத் தவிர யாரும் இதைக் கேட்டதில்லை. சோன் நம்பரைச் சொன்னேன்.

யூதர்களை அடைத்துக் கொன்ற காலத்தில் அவர் இருந்த பெரிய முகாமின் பெயர் உலகத்துக்கே தெரியும், இப்போது மியூசியம். அங்கிருந்து அவரையும் அக்காவையும் ஒரு கிளை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். குண்டுக்கு மருந்து அடைக்கிற ஃபக்டரி. "இப்ப அதில கார் பார்க். ஒரு போர்ட் கூட இல்லை."

வருத்தம் வந்து படுத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். "பெரிய முகாமுக்கு அனுப்பிறம், அங்க டொக்டர் இருக்கிறார் எண்டாங்கள். அக்கா 'ஓம்' எண்டு கையைத் தூக்கினா." போன அக்கா திரும்பி வரவில்லை.

எங்கட முகாமில் ஆமி ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கும். அண்ணாவின் பெயர் வந்தது. "விசாரிச்சுப்போட்டு விடுவினம்" என்று சேர்ட்டை மாட்டிக்கொண்டு போனார்... அவ்வளவுதான்.

பிறகு எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். "உம்மட பேருக்கு நான் எழும்பிறன். என்ர பேருக்கு நீர் எழும்பும்."

ஐயோ, அந்த நர்ஸ் பட்ட பாடு! "ஷிவா கோரி?" "யெஸ்!" என்று வாக்கரைத் தள்ளிக்கொண்டு வெள்ளைக்கார மனுசி. பின்னால் நான்.

போன கிழமை டொக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னபோது வெளியே வந்து அழுதேன். "விசரே உமக்கு? கூப்பிட்டால் நான்தானே எழும்பப்போறன்" என்று ஏசினார்.

நாளைக்கு அந்தக் கதிரையில் நான் தனியே. என் பெயரைக் கூப்பிடுவார்கள்... சரியான பயமாயிருக்கு அன்ரி.

போய்ட்டு வாங்கோ. அங்க ஆராவது உங்கட பேரைக் கூப்பிட்டால் எழும்பாதேங்கோ. உங்கட பேருக்கு நான்தானே எழும்ப வேணும்.