டிராமுக்கு விட்ட நாலடி

சாரல் காலத்தில் குற்றாலத்திலிருந்து தென்காசி வரும் டவுன் பஸ்ஸில்தான் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முறுக்கிய மீசை, தோளில் ஈரத்துண்டு, அருவியில் குளித்தும் போகாத எண்ணெய் வாசம். பட்டாளத்தில் இருந்தபோது கல்கத்தாவில் டிராமில் போய்ப் பழகியவராம். பஸ் எங்கே நின்றாலும், டிராம் மணி மாதிரி முன்சீட்டுக் கம்பியில் மோதிரத்தால் 'டிங் டிங்' என்று தட்டுவார். ஒருமுறை டிரைவர் அதை நம்பி வண்டியை எடுத்தேவிட்டார்.

"அண்ணாச்சி, விசில் அடிக்க நான் இருக்கேன்லா?" என்று கண்டக்டர் கத்தினார்.

அவர் அதைக் கண்டுகொள்ளாமல் என் பக்கம் திரும்பினார். "குத்தாலத்துலேருந்து தென்காசிக்கு டிராம் வந்துரும் தம்பி, அதுல சந்தேகமே இல்ல. நம்ம குத்துக்கல்வலசை வரைக்கும் நீட்டுவானுவளாங்கிறதுதான் கவலை."

"இங்கன டிராமே கெடையாதே அண்ணாச்சி?"

"அதனாலதான் இப்பவே எடம் விடணும்ங்கேன். வந்த பெறவு எவன் வீட்டை இடிக்க விடுவான்? நான் மதிலை நாலடி உள்ள தள்ளித்தான் கட்டியிருக்கேன். வீட்டுக்காரி அங்கன துணி காயப்போடுதா. டிராம் வந்தா எடுத்துரணும்னு சொல்லி வச்சிருக்கேன்."

வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவரைப் பிறகு பார்க்கவேயில்லை.

இப்போது குத்துக்கல்வலசையில் நானும் வீடு கட்டுகிறேன். போன வாரம் கொத்தனார் நூல் பிடித்து, "ரோட்டை ஒட்டியே மதிலை எடுத்துரலாமா சார்?" என்றார்.

"நாலடி விட்டுக் கட்டுங்க" என்றேன்.

எதற்கு என்று கேட்டார். உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

"துணி காயப்போட" என்றேன்.